நான்கு கைகள் எடுத்த புள்ளி

தனா மச்சானுக்கு,

2011 ஆகஸ்ட் 14, ஞாயிறு, மாலை நான்கு மணி பத்து நிமிடம். நம் ஆன்லைன் போர் விளையாட்டில் தொடர்ந்து பதினான்கு தோல்வி. 1704 புள்ளியில் நீ விட்டுப்போன நம் கணக்கு இப்போது 1512-இல் நிற்கிறது. சுற்றி வளைக்கவில்லை. தோற்றது நான்தான்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. சிதம்பரம் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் கடலூர் ஓ.டி.யில் என் வீட்டில் இருக்கிறது. அறுபது நாள் ஆடாத கணக்கின் பெயரைத் தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், உனக்கே தெரியும். உன் ஊர் கிள்ளையையும் என் ஏரியா ஓல்டு டவுனையும் ஒட்டி 'கிள்ளை ஓ.டி.' என்று வைத்தோமே, அந்தப் பெயரை விடக்கூடாது என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

இன்று உன் அண்ணன் கிள்ளையிலிருந்து வந்திருந்தார். பின்னால் நின்று மூன்று ஆட்டம் பார்த்தார்.

"இன்னாடா இது, ஒண்ணுகூட ஜெயிக்க மாட்டியா?"

"அண்ணே, நம்ம புள்ளிக்குச் சமமானவனத்தான் ஆட்டத்த நடத்துற மெஷின் எதிர்ல கொண்டாந்து விடும். பெரிய புள்ளிக்காரன ஜெயிச்சா ஜாஸ்தி ஏறும். சின்னவன்கிட்ட தோத்தா ஜாஸ்தி எறங்கும். போகப் போக ஒரு எடத்துல பாதி ஜெயிப்போம், பாதி தோப்போம். அதான் நம்ம தரம்."

"அப்ப இது யாரு தரம்? உன்னுதா, தம்பியுதா?"

ஹாஸ்டலில் நமக்கு ஒரே கம்ப்யூட்டர். முறை வைத்து ஆட இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது. கீபோர்டு எனக்கு, மவுஸ் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான் கோட்டை கட்டிப் படை சேர்ப்பேன், நீ அதைச் சண்டைக்கு ஓட்டிப்போவாய். "டேய், ஆள் அனுப்புடா, தூங்குறியா?" என்று முழங்கையால் இடிப்பாய்.

ஆக, 1704 நான்கு கை உள்ள ஒருத்தனுடைய தரம். அப்படி ஒருத்தன் உலகத்தில் இல்லை. மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? யார் உட்கார்ந்திருக்கிறான் என்று அது பார்ப்பதில்லை. வெற்றியையும் தோல்வியையும் மட்டும்தான் பார்க்கிறது. அந்த நான்கு கைக்காரனுக்குச் சமமானவர்களையே என் இரண்டு கைக்கு எதிரே இறக்கிக்கொண்டிருந்தது.

"இப்படியே தோத்தா இன்னா ஆவும்?" என்றார் அண்ணன்.

"எறங்கும். என் அளவுக்கு வந்ததும் நின்னுடும்."

"அவன் சம்பாரிச்சத நீ குந்தி எறக்கினு இருக்க. இதுல பேரக் காப்பாத்துறானாம்!"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் வந்தது. ஒவ்வொரு தோல்வியிலும் நீ இல்லை என்பதை மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆடினால் பெயர் நிற்கும், நம் புள்ளி கரையும். ஆடாவிட்டால் புள்ளி கணக்குக்குள் அப்படியே கிடக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. நீயாக இருந்தால் எதை விடுவாய்? தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. நானே முடிவு செய்துவிட்டேன்.

இனி செய்யப்போவது:

1. 'கிள்ளை ஓ.டி.'யில் இனி ஒரு ஆட்டமும் கிடையாது. அக்டோபரில் பெயர் போகும். போகட்டும். மிச்சப் புள்ளியை யாரும் தொட மாட்டார்கள்.

2. என் பெயரில் புதுக் கணக்கு. முதல் சில ஆட்டங்களில் மெஷினுக்கு என்னைத் தெரியாது, கத்துக்குட்டிகளோடு கோத்துவிடும். பொறுத்துக்கொள்வேன். சிரிக்காதே.

3. தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் அடுத்த ஆட்டம் தொடங்க மாட்டேன். சண்டைக்கு ஓட்டிப்போகும் வேலையை முதலிலிருந்து படிப்பேன்.

4. பாதி ஜெயித்துப் பாதி தோற்கும் இடத்துக்கு வந்ததும், அது எவ்வளவு கேவலமான எண்ணாக இருந்தாலும், கிள்ளைக்குப் போய் உன் அண்ணனிடம் நேரில் சொல்வேன். மறுநாளே அந்த எண்ணிலிருந்து ஏற ஆரம்பிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மச்சான்,
இளங்கோ