ஈரத் துண்டும் பத்தாம் வகுப்பும்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று படுக்கை விரிப்புகளுக்குள் கிடைத்தவை: ஒரு பல் செட், இரண்டு கரண்டி, பாதி கடித்த ஆப்பிள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் சாதாரணம். பல் செட்டைக் கழுவி டப்பாவில் போட்டு, ஆப்பிளையும் கூடவே வைத்து, "இதை முடித்துவிட்டுக் கழற்றச் சொல்லவும்" என்று சீட்டு ஒட்டி மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன். நர்ஸ் போன் போட்டுத் திட்டினாள். சிரித்துக்கொண்டேதான் திட்டினாள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கஞ்சி சார். கஞ்சி போட்ட சட்டை மாதிரி, உட்கார்ந்தால்கூட மடங்கமாட்டார். எங்கள் சூப்பர்வைசர் அக்கா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்துக்கு என் பெயரை அனுப்பலாமா என்று கேட்டார்.

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

"பதினஞ்சாம் தேதிக்குள்ள கேட்டுடுங்க. மேல அனுப்பணும்" என்றார். எந்த மேலே என்று நான் கேட்கவில்லை.

ஆசை இருக்கிறது. இந்த நோட்டிலாவது ஒளிக்காமல் எழுதுகிறேன், ரொம்பவே இருக்கிறது. விரிப்புகளை இஸ்திரி போடுகிற ரோலர் மெஷின் சூட்டிலிருந்து ஒரு நாற்காலிக்கு. என் முழங்கால்கள் இரண்டும் அதைக் கேட்டுவிட்டு ஸ்தோத்திரம் என்றன.

செப்டம்பர் 5, வெள்ளி

கஞ்சி சார் விண்ணப்பம் கொடுத்தார். மூன்றாவது வரி: படிப்பு. அதன் கீழே பொடி எழுத்தில், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல் இணைக்கவும்.

நான் படித்தது ஐந்து. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவள் "பத்து" என்றாள். எழுதுகிறவர் தலையாட்டினார். என் முறை வந்தது. என் வாயும் "பத்து" என்றது. அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ரோலரின் அந்தப் பக்கம் நிற்கிற குண்டூசிக்குக்கூடத் தெரியாது. (ஒல்லி. குத்துவாள். அதனால் குண்டூசி.)

"சான்றிதழ் எங்க வெச்சேன்னு தெரியலை சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "தொலைஞ்சிருந்தா தொலைஞ்சதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. பழைய ஆள், ஒத்துக்குவாங்க" என்றார்.

ஒரு லெட்டர். நாலு வரி. அதற்குப் பிறகு நாற்காலி.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர் ஒரு பயந்தாங்கொள்ளியைப் பற்றிப் பேசினார். வேதத்தில் வருகிற பழைய காலத்து மனிதர். ஆண்டவர் சண்டைக்குப் போ என்கிறார், இவருக்கோ நம்பிக்கை வரவில்லை. ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து, விடியும்போது தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தால் போகிறேன் என்றாராம். அப்படியே ஆனது. அப்போதும் திருப்தியில்லை. நாளைக்குத் தோல் காய்ந்து தரை நனையட்டும் என்றார். அதுவும் ஆனது.

பாஸ்டர் சொல்ல வந்தது ஆண்டவருடைய பொறுமையை. எனக்கு ஒட்டிக்கொண்டது நனைவதும் காய்வதும். அது என் தொழில் அல்லவா.

ஆட்டுத்தோல் இல்லை. துண்டு இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

முதலில் சின்னதாக ஒரு சோதனை. ஐந்து நிமிடத்துக்குள் பஸ் வந்தால் பதவி எனக்கு என்று சொல்லிவிட்டு நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பஸ் சேர்ந்தே வந்தன. ஒன்று நிற்கவில்லை. இன்னொன்று நின்றது, ஆனால் பணிமனைக்குப் போகிறது என்று யாரையும் ஏற்றவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே நின்றதில் மூன்றாவது பஸ்ஸும் போய்விட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று படுக்கும்முன் பால்கனியில் துண்டை விரித்துவிட்டு, துண்டு நனைந்து தரை காய்ந்திருந்தால் விண்ணப்பம் போடுகிறேன் என்று ஜெபித்தேன். காலையில் ஓடிப்போய்த் தொட்டேன். துண்டு ஈரம். தரை காய்ந்திருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவந்து தொடச் சொன்னேன். தொட்டார். "ஈரம்" என்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஒரு பொத்தானுக்கு ஒரு மாடி. அவரிடமும் ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான்.

செப்டம்பர் 10, புதன்

அந்தப் பயந்தாங்கொள்ளி மாதிரியே நானும் மாற்றிக் கேட்டேன். விரிப்பு காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும். இந்தத் தடவை மெத்தைமேல் போடுகிற ரப்பர் ஷீட்டை விரித்தேன். காலையில் தரை நன்றாகவே நனைந்திருந்தது. மேல்வீட்டுப் பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஷீட்டை ஒரு உதறு உதறினேன். காய்ந்துவிட்டது.

இரண்டுக்கு இரண்டு. பாஸ்டரின் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி சாட்சி சொல்லுங்கக்கா, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார். சரி என்றுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ரோலரில் விரிப்பு விட்டுக்கொண்டிருக்கும்போது குண்டூசியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எந்தத் துண்டு?" என்றாள்.

"நீலத் துண்டு."

"மூணு நாளா கொடியில கெடக்குது, காயவே மாட்டேங்குதுன்னு திங்கக்கிழமை பூரா பொலம்பினியே, அந்தத் துண்டா?"

என் கையிலிருந்த முனை நழுவி, விரிப்பு கோணிக்கொண்டு ரோலருக்குள் போனது.

"எனக்கு உங்க வேதம் தெரியாதுடி. துணி தெரியும். ரெண்டாவது நாள் என்ன போட்ட?"

"...ரப்பர் ஷீட்."

தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஈரத் துண்டை நனைய வெக்கணும், ரப்பரைக் காய வெக்கணும். பாவம்டி உங்க ஆண்டவர். அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் வெக்கலையே நீ."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "கேள்வித்தாளையும் நீயே அடிச்சு, நீயே எழுதி, நீயே திருத்திட்டு, ஆண்டவர் பாஸ் போட்டாருங்கற" என்றார். இந்த வருடத்திலேயே அவர் பேசிய நீளமான வாக்கியம். அதுவும் இதற்காகவா.

என் கைக்குத் தெரியாமலா இருந்தது? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எந்த வார்டு விரிப்பு என்று சொல்கிற கை. அலமாரியில் பதினொரு காய்ந்த துண்டு இருக்க, அந்தக் கை கொடிக்குப் போய் நீலத்தை எடுத்தது.

நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் நாற்காலி உண்டா இல்லையா என்றுதான். அந்த லெட்டரை எழுதலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கலை? பதில் தெரியும், அதான். அதுக்குத் துண்டு எதுக்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

லெட்டரை எழுதிப் பார்த்தேன். "என் சான்றிதழ் தொலைந்து" வரை வந்தது. கிழித்தேன். அப்புறம் உண்மையை எழுதிப் பார்த்தேன். அதையும் கிழித்தேன்.

செப்டம்பர் 13, சனி

நோட்டில் தாள் குறைந்துகொண்டே போகிறது. லெட்டர்தான் ஆகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். துண்டுக் கதை நுனிநாக்கில் நின்றது, நன்றாகச் சிரிக்கவைக்கிற கதை. அதை விழுங்கிவிட்டு, "நாளைக்கு நான் ஒரு உண்மையைச் சொல்லணும். ரொம்ப வருஷமா மறைச்சு வெச்சது. எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சபை மொத்தமும் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் வந்து அவர் கையைப் பிடித்து, "மன்னிக்கிற மனசுதான் பெருசு தம்பி" என்றார்கள். பாடகர் குழுக்காரர் ஒருவர் கட்டியே பிடித்துக்கொண்டார். மனிதர் எல்லாரிடமும் "சரி, சரி" என்றார். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான், "அஞ்சாங்கிளாஸ்னு அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார். நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கஞ்சி சார் எழுந்துபோய் என் பழைய கோப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டிப் படித்தார். "நீங்க அன்னிக்குச் சேர்ந்த வேலைக்குப் படிப்புத் தகுதியே கிடையாது. கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும்னுதான் இருக்கு" என்றார்.

"அப்ப நான் சும்மாவா சார் பொய் சொன்னேன்?"

"ஆமா" என்றார். முதல் தடவையாக அவர் உடம்பில் ஒரு மடிப்பு விழுந்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கினார்.

பத்தொன்பது வருடம். யாரும் கேட்காத ஒன்றைச் சுமந்துகொண்டு, இறக்கிவைக்கப் பயந்துகொண்டு. கழுதைகூட மூட்டை ஏற்றினால்தான் சுமக்கும்.

ஆனால் அதோடு முடியவில்லை. "பொய்த் தகவல்னு மேல எழுதித்தான் ஆகணும். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. வேலைக்கேகூட..." என்று நிறுத்தினார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்ச விரிப்புகளை ரோலரில் விட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பதில் இல்லை. குண்டூசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு விரிப்பு, இரண்டு விரிப்பு, மூன்று விரிப்பு விட்டாள். நாலாவதில், "அதான் விரிப்புக் கணக்கு எப்பவும் என்னையே எண்ணச் சொல்வியா" என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் பால்கனியில் நின்று, "ஆண்டவரே, அடையாளம் ஒன்றும் வேண்டாம். கூட இருந்தால் போதும்" என்றேன். ஆமென் சொல்லும்முன் மேல்வீட்டுப் பெண் செடிக்கு ஊற்றியது என் தலையில் விழுந்தது. வேண்டாம் என்றுதானே சொன்னேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பதில் இல்லை. "வேலை போச்சுன்னா லிஃப்ட்ல பொத்தான் அமுக்கற வேலை வாங்கித் தரேன்" என்றார் இவர். "ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் தெரிஞ்சா போதும். நீ அஞ்சு வரைக்கும் போ. மிச்சத்துக்கு அவங்க படியேறட்டும்."

இவரைப் போய் ஊமை என்று நினைத்து இத்தனை வருடம் நானே பேசிக்கொண்டிருந்தேனா?

செப்டம்பர் 23, செவ்வாய்

மேலேயிருந்து கடிதம் வந்தது. எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது. இனி இப்படிச் செய்யக்கூடாதாம். இன்னொரு தடவை வேலைக்குச் சேரவா போகிறேன்.

நாற்காலி குண்டூசிக்கு. அவள் உண்மையிலேயே பத்து. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். இத்தனை நாளில் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொன்னதில்லை.

எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன். அப்புறம் போர்வை மூட்டைகள் அடுக்கிய அறைக்குப் போய், மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது. ஏன் ஆண்டவரே, உண்மையச் சொன்னதுக்கு இதுவா? — கேட்டுட்டேன். கேட்டதை அடிக்காமல் விடுகிறேன். இதைவிட மோசமாகக் கேட்டவர்களையெல்லாம் அவர் பார்த்திருப்பார்.

குண்டூசி தேடி வந்தாள். மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"உன் இடம்டி அது. வேணாம்னு எழுதிக் குடுத்துடவா?"

"குடுத்துப் பாரு. உன்னை ரோலருக்குள்ள விட்டு எட்டா மடிச்சிடுவேன்."

அப்புறம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் போர்வை வாசனையில் தும்மினோம்.

அக்டோபர் 6, திங்கள்

குண்டூசி நாற்காலியில் உட்கார்ந்த முதல் திங்கள். நாள் முழுக்க "மேடம்" என்று கூப்பிட்டேன். குனிந்து வணக்கம் வைத்தேன். பதினொரு மணிக்குக் காலில் விழப்போனேன். "இன்னொரு தடவை மேடம்னா ஐசோலேஷன் வார்டு மூட்டையெல்லாம் உனக்குத்தான்" என்றாள். அதிகாரம் வந்ததும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள்.

மத்தியானம் நர்ஸ்களோடு கூட்டம். நாலு பேர் முன்னால் பேச அவளுக்கு நாக்கு எழாது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் பதிவேட்டைத் திறந்து எண்களைக் காட்டினாள், நான் வாயைத் திறந்தேன். போன மாதம் எத்தனை விரிப்பு கிழிந்து வந்தது, எந்த மாடியிலிருந்து, ஏன் என்று எல்லாம் சொன்னேன். மூன்றாம் மாடி நர்ஸ் என்னை முறைத்தாள். ஆப்பிள் கோபம் இன்னும் போகவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் இன்றும் ஒருவர் வந்து, "இப்ப எப்படிப்பா, வீட்ல சமாதானமா இருக்கீங்களா?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றார் இவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வேண்டுமென்றே செய்கிறார். என்னிடம் கற்றுக்கொண்டது.

நவம்பர் 13, வியாழன்

ரோலருக்குப் புது ஆள் வந்திருக்கிறாள். என்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். குண்டூசி என்னைக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், முகவரி. மூன்றாவது வரிக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். வாயை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"மூணாவதுதான் படிச்சேன் தங்கச்சி. எட்டுன்னு போட்டா யாராச்சும் பாப்பாங்களா?"

"மூணுன்னே போடுவோம்க்கா" என்றேன். "நான் அஞ்சு. இங்க நான் உங்களுக்கு ரெண்டு கிளாஸ் சீனியர்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள். அப்புறம் விரலால் அந்த மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினாள். எழுதினேன்.