தண்ணீரில் கண்டம்

வெள்ளவத்தை,
6-10-1947, திங்கட்கிழமை.

அன்பு மகன் நாகேந்திரத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் கௌரியும் நானும் பிள்ளையாரின் கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் என்று படுக்காமல் இருக்கவேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கைக்கு டிசம்பரில் சோதனை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யன்னலால் ரயிலைப் பார்க்கிறாள். மழை தொடங்கிவிட்டது, கடல் இரைச்சலில் குசினியில் கதைப்பது முன்னறைக்குக் கேட்பதில்லை. போன மாதம் கப்பலில் அனுப்பிய பார்சலில் தேயிலையும் சீனியும் மிளகாய்த்தூளும் இருக்கின்றன, தூளை உன் வீட்டுக்காரியின் சூப்பில் அள்ளிப் போட்டுவிடாதே, அந்த மனுஷி உன்னை வெளியே அனுப்பிவிடுவாள். இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருப்பது, எழுதவேண்டியதை எழுதப் பயந்து சுற்றிக்கொண்டிருப்பதால்தான்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இம்மாதம் பதினெட்டாம் தேதி, சனியும் ஞாயிறும், சிநேகிதர்கள் ஐந்து பேராக மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். மீன்காரன் வாசலுக்குக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்த மீனைத் தின்று வளர்ந்தவனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று முதலில் சிரித்தேன். இரண்டு இடம் பார்த்திருக்கிறீர்கள், ஒன்று பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி, நல்ல தண்ணீர், தோணியில் இருந்து தூண்டில் போடலாம், பிடித்த மீனை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம், பிறகு எதற்கு அதன் வாயைக் கிழிப்பான் என்று அப்பா கேட்டார். மற்றது ஆறு கடலில் விழும் கழிமுகம், தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி நடந்துபோய்த் தூண்டில் போட்டால் பெரிய மீன் கிடைக்கும், கொண்டுவந்து பொரித்தும் தின்னலாம். இரண்டு பேர் ஏரி என்கிறார்கள், இரண்டு பேர் கழிமுகம் என்கிறார்கள், உன் வாக்குத்தான் மிச்சம், பதினைந்தாம் தேதி புதன்கிழமை சொல்லவேண்டும், கழிமுகத்துக்குத்தான் கொடுக்கப்போகிறேன் என்று எழுதிவிட்டு, அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு தரம் நாற்பது அடி ஏறி இறங்கும் அம்மா, பார்க்க வேடிக்கையாக இருக்கும் என்று வேறு எழுதியிருக்கிறாய். நான் வாசித்தது சரிதானா என்று அந்த வரியைக் கௌரியைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தேன். நமது கடல் காலையில் எந்தக் கல்லை நனைக்கிறதோ அதே கல்லைத்தான் மாலையிலும் நனைக்கும், மிஞ்சினால் இரண்டு அடி ஏறும். நாற்பது அடி என்றால் எவ்வளவு என்று விளங்காமல் வளவில் நிற்கும் தென்னையை அண்ணாந்து பார்த்தேன், அதன் குருத்தளவுக்குத் தண்ணீர் நிற்பதாக நினைத்தவுடன் உள்ளே வந்துவிட்டேன்.

நேற்று அப்பாவை இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஹுசைன் நானா இருக்கிறார், அப்பாவோடு துறைமுகக் கந்தோரில் வேலை செய்கிறவர், அதற்கு முன் பதினைந்து வருடம் கப்பலில் ஓடினவர், நீ இருக்கும் பிரிஸ்டல் பக்கமும் போய் வந்திருக்கிறார். கழிமுகம் என்று நான் வாயெடுத்ததுமே மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் வற்றினால் சின்னக் கப்பல்கள் சேற்றிலே குந்தியிருக்குமாம், பார்க்கிறவனுக்கு வெறும் தரை போலத் தெரியுமாம். திரும்ப ஏறும்போது, தண்ணி முன்னாலதான் வரும் எண்டு கடலப் பாத்துக்கொண்டு நிப்பாங்க, அது ஓடைகளுக்குள்ளால வந்து முதல்ல பின்பக்கத்த மறிச்சுப்போடும் என்றார். அமாவாசைக்குப் பிறகு வரும் நாலைந்து நாளில்தான் ஏற்றம் மிகப் பெரிதாம். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரை அங்கேயே எட்டிப் பார்த்தேன், பதினாலாம் தேதி அமாவாசை, நீங்கள் போவது நாலாம் நாள். அந்த ஊர்க்காரர் ஏற்ற இறக்க நேரம் அச்சடித்த புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள், அவர்களிலும் ஆட்கள் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மகன் நல்லா நீந்துவாரா என்று கேட்டார். நீந்தத் தெரியாது, ஆனால் தண்ணீரில் இருந்த கண்டம் ஆவணியோடு கழிந்துவிட்டது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை நான் கீழே வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு அங்கே யார் என்ன கதைத்தார்கள் என்பது என் காதில் விழவில்லை.

நீயும் அதைத்தானே எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வயது முடிந்துவிட்டது, சாதகக் குறிப்பில் சொன்ன கண்டம் கழிந்துவிட்டது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை, சிறுவயதிலிருந்து மணலில் நின்று பார்த்த கடலில் ஒருநாளாவது இறங்கவேண்டும் என்று. தம்பி, இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் குறிப்பில் அப்படி ஒரு கண்டம் இல்லை. சாத்திரியார் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது நான்.

உனக்கு ஆறு வயது அப்போது, அப்பா கந்தோர் வேலையாகத் திருகோணமலைக்குப் போயிருந்த கிழமை. பெருமழை பெய்து வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் மணல் மேடு உடைந்திருந்தது. நீ பால்மா டின்னை எடுத்துக்கொண்டு குஞ்சு மீன் பிடிக்கப் போய்விட்டாய், நான் உன்னைத் தேடி ரயில் பாதையைத் தாண்டி ஓடியபோது கரைவலைக்காரன் ஒருவன் உன்னைச் சட்டையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான், உன் வாயாலும் மூக்காலும் சேற்றுத் தண்ணீர். அவன் சிங்களத்தில் என்னை ஏசினான், நான் உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்பா திரும்பி வந்தபோது பிள்ளை மழையில் நனைந்து காய்ச்சல் என்று சொன்னேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது உன் குறிப்பைச் சாத்திரியாரிடம் காட்டினேன், அவர் படிப்பு நன்றாக வரும், கோபம் கூடுதல் என்று இரண்டைச் சொல்லி மடித்துத் தந்துவிட்டார். அதோடு வீட்டுக்கு வந்து, இருபத்திரண்டு முடியும்வரை தண்ணீரில் கண்டம், கடலிலோ குளத்திலோ இறக்கக்கூடாது என்று நான் சொன்னேன். அடித்துச் சொன்னால் நீ கேட்கமாட்டாய், சாத்திரம் என்றால் அப்பாவும் சேர்ந்து காப்பார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு ஏன் என்று எனக்கே தெரியாது, அதற்குள் உத்தியோகமும் கலியாணமும் ஆகிவிடும், பிறகு உனக்காகப் பயப்பட வேறொருத்தி இருப்பாள் என்று நினைத்திருப்பேன். போன வருடம் நீ கப்பல் ஏறும்போது அப்பா கலங்கியதைப் பார்த்து, கப்பலுக்கு மட்டும் பரிகாரம் உண்டாம் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். இந்த ஆவணியில் கண்டம் கழிந்ததற்கென்று அப்பா கோயிலில் அபிஷேகம் செய்தார், பக்கத்தில் கைகூப்பி நின்ற எனக்கு முருகனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உன்னைக் காக்கவென்று சொன்னது, இப்போது உன்னைக் கையைப் பிடித்து அந்தச் சேற்றுக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. இல்லாத கண்டம் எப்படிக் கழியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற ஆபத்து உனக்கும் இருக்கிறது, நீந்தத் தெரியாததால் இன்னும் கூடுதலாக இருக்கிறது, நீந்தவிடாமல் வளர்த்தது நான்.

போகாதே என்று எழுதமாட்டேன், அப்படிச் சொல்லும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஏரிக்கு உன் வாக்கைக் கொடு. தோணியில் எழுந்து நிற்காதே, மீன் இழுத்தாலும் இருந்தபடியே இழு, தக்கை வைத்துத் தைத்த சட்டை வாடகைக்குக் கிடைத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள். ஆறு மணிக்கே இருட்டும் என்று நீதான் எழுதினாய், நாலரைக்கே கரைக்கு வந்துவிடு. ஒருவேளை எல்லாரும் மனம் மாறிக் கழிமுகத்துக்குத்தான் போனாலும் நீ கரையில் இரு, அப்படியும் கால் சேற்றில் புதைந்துவிட்டால் நின்றுகொண்டு இழுக்காமல் சப்பாத்தை விட்டுவிட்டுக் கவிழ்ந்து படுத்துத் தவழ்ந்து வா, இது ஹுசைன் நானா சொன்னது. அங்கே குளிருக்கு மூடிக் கட்டிய நீச்சல் தடாகங்கள் இருக்கின்றனவாம், காசைப் பார்க்காமல் சேர்ந்து பழகு. பழகிய பிறகு எந்தக் கடலிலும் இறங்கு, அப்போதும் நான் பயப்படுவேன், நீ அதைக் கணக்கில் எடுக்காதே. இதைத் தந்தியாக அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன், இவ்வளவையும் தபாற்கந்தோரில் நாலு பேர் வாசிக்க எப்படி எழுதிக் கொடுப்பது. ஏர் மெயிலில் போனால் ஏழாம் நாள் உன் கையில் இருக்கும் என்கிறார்கள்.

உறையில் விலாசத்தை அப்பாதான் இங்கிலீசில் எழுதவேண்டும். வழக்கமாக என் கடிதத்தை வாசிக்காமலே ஒட்டிவிடுவார். இன்று இதை மடிக்காமல் அவருடைய மேசையில் வைத்து, வாசித்துவிட்டு ஒட்டுங்கள் என்று சொல்லப்போகிறேன். பதினாறு வருடம் அவரையும் ஏமாற்றியிருக்கிறேன், என்ன சொல்வார் என்று தெரியவில்லை, அவர் வரும் ரயிலுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது.

உன் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தீவில் பிறந்தவன் மீன் போல நீந்துவான் என்று சிநேகிதர்கள் நினைக்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்று. நான் என்னுடைய பொய்யைச் சொல்லிவிட்டேன் தம்பி. புதன்கிழமை நீ உன்னுடையதைச் சொல்லிவிடு.

நோய் நொடி அண்டாமல் நீடூழி வாழ்ந்து படிப்பை முடித்துக்கொண்டு வா. மீன் பிடித்துத் திரும்பிய திங்கட்கிழமை காலையில் சுகம் என்று ஒரு சொல் தந்தி அடிக்க மறந்துவிடாதே, அது வரும்வரை வாசலில்தான் இருப்பேன்.

உன் அம்மா,
பா. சிவக்கொழுந்து