கஹ்வாவைக் குடிக்காத விருந்தாளி

ஜித்தா, பழைய நகரம்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அன்பு மகள் விஜ்தானுக்கு உன் உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அது ஏன் என்று படிக்கப் படிக்க உனக்கே விளங்கும். அந்தக் குளிரில் நீ நன்றாக இருக்கிறாயா, ஆஸ்பத்திரி மருந்துக் கூடத்தில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா, கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று எழுது. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் பேனா எடுத்தேன். இந்தக் கடிதத்தை நீ அனுப்பிய விருந்தாளி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையின் வாயை ஒட்டி, மேலே டேப் போட்டு, டேப்பின் மேல் குறுக்கே பேனாவால் கோடு இழுத்துத்தான் கொடுப்பேன். கோடு பிசகியிருந்தால் அவன் பிரித்துப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம், உடனே எனக்குச் சொல்.

ஹாரிஸ் என்று ஒருவர், போஸ்னியாக்காரர், ஹாம்பர்க்கில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வேலை, உம்ரா முடித்துவிட்டு நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறார், வாப்பா கொஞ்சம் கூட இருந்து காட்டினால் நல்லது என்று நீ சொன்னபோதே எனக்கு உறுத்தியது. இத்தனை வருஷத்தில் உன் ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் பெயரையாவது நீ வாய்விட்டுச் சொன்னதுண்டா? வந்தவனைப் பார்த்தேன். தலை குனிந்து செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். இவ்வளவு பதவிசாக இருக்கிறவன் என்னத்துக்கோ அடி போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நம் தெருவில் இப்போது எவன் அண்ணாந்து பார்த்து நடந்தாலும் அவன் வீட்டை வளைத்துப் போடத்தான் வருகிறான். பழைய வீடுகளை எல்லாம் பழுதுபார்த்து ஹோட்டலாக்குகிறார்கள், காப்பிக் கடையாக்குகிறார்கள், கூட இருந்தவர்கள் எல்லாரும் வடக்கே புது நகரத்துக்குப் போய்விட்டார்கள், நாம்தான் மிச்சம். உன் வாப்பாவோ, யாராவது சன்னல் வேலைப்பாடு அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சன்னலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிற ஆள். அதனால் அவரைத் தனியாக விடாமல், முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை என்று நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

பழைய நஸீஃப் மாளிகைக்குக் கூட்டிப் போனோம். வருகிறவர்கள் எல்லாம் அந்த வேப்பமரத்தடியில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள் அல்லவா, இவன் செல்போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, விஜ்தான் சின்னப் பிள்ளையில் இங்கேயா விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள் என்று கேட்டான். உன் வாப்பா மகிழ்ந்துபோய், ஆமாப்பா, இந்தப் படியிலதான், ரத்தம் பாத்து நான்தான் மொதல்ல அழுதேன் என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கோ வேறு யோசனை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவனிடம் எந்தப் பெண்ணாவது பல் உடைந்த கதையைச் சொல்வாளா? அலவி கடைத்தெருவில் சாம்பிராணி, அத்தர் என்று எதைக் காட்டினாலும் தலையை ஆட்டினானே தவிர ஒன்றும் வாங்கவில்லை, பாப் மக்கா கோட்டை வாசலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ படித்த பள்ளிக்கூடத்துச் சந்து எது என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனால், தமீஸ் சுடுகிற ஆப்கானி குல்பாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, உங்க வீட்டு விருந்தாளி விசாரிக்கிறான், அண்ணன் கோபக்காரரா, சொன்ன சொல்லைக் காப்பாத்துவாரா, அக்கா சிரிப்பாங்களா என்றெல்லாம் கேட்டான், நான் நல்லதாத்தான் சொன்னேன், சிரிப்பைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லல என்றான். வீடு வாங்குகிறவன் வீட்டுக்காரன் கோபக்காரனா என்று எதற்குக் கேட்கிறான்? பேரம் பேசத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. வந்ததும் பத்திரம் இருக்கிற பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே போர்வையைத் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பலீலா வாங்கிக் கொடுத்தேன், கொண்டைக்கடலையை விட்டுவிட்டு ஊறுகாய்த் தண்ணீரை முதலில் குடித்தான். நம் வீட்டில் அப்படிக் குடிப்பது நீ ஒருத்திதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் மீன் மார்க்கெட்டில் நாஜில் மீன் எடுத்து வந்து நான் ஸையாதியா சோறு ஆக்கினேன், நன்றாக வந்தது, வெங்காயம் மட்டும் கொஞ்சம் கருகிவிட்டது. தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன் பிஸ்மி சொல்லிவிட்டு, மீன் தலையைப் புரட்டி, கன்னத்துச் சதையை விரலால் நோகாமல் எடுத்து, தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல், என் பக்கமும் வைக்காமல், நேரே உன் வாப்பா பக்கத்துச் சோற்றில் கொண்டுபோய் வைத்தான். உன் வாப்பாவின் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. நீ விமானம் ஏறின நாளிலிருந்து அவருக்கு அந்தக் கன்னத்துச் சதையை யாரும் எடுத்து வைத்ததில்லை. நான்கூட வைப்பதில்லை, அது மகள் செய்கிற வேலை என்று விட்டுவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு வீட்டைப் பற்றிய பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. இவன் ஊர் பார்க்க வந்தவன் இல்லை, உன்னிடம் பாடம் படித்துவிட்டு எங்களைப் பார்க்க வந்தவன் என்று தெரிந்துபோயிற்று.

நேற்று அவன் தங்கின கடைசி ராத்திரி. மக்ரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், நான் உள்ளறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன், ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். உன் வாப்பா ஏலக்காய் போட்ட கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து வாங்கிக் குடித்து, போதும் என்பதற்குக் கோப்பையை ஒழுங்காக ஆட்டிக் காட்டியவன், நேற்று வாங்கினான், பிறகு குடிக்காமல் முன்னால் விரிப்பில் வைத்துவிட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டு வந்தது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கிற வரைக்கும் விருந்தாளி கஹ்வாவைத் தொடமாட்டான் என்பது உன் வாப்பாவின் தாய்வழிப் பாலைவனத்துப் பதூவி ஆட்கள் பழக்கம், நகரத்துக்காரர்கள் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிற்று. போஸ்னியாவில் பிறந்தவனுக்கு அதை யாரடி சொல்லிக் கொடுத்தது? நான் கதவைத் தள்ளிக்கொண்டு, முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்று கத்துவதற்குள் உன் வாப்பா, மடையர், முகமெல்லாம் பூரித்துப்போய், குடிப்பா, கஹ்வா ஆறுது, நீ எதுக்கு வந்தியோ அது ஒனக்குக் கெடச்சாச்சு என்று சொல்லி முடித்துவிட்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஒரே மடக்கில் குடித்தான், புரையேறி இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் மனப்பாடம் பண்ணிய பிள்ளை மாதிரி, ஒங்க மக விஜ்தானைக் கேட்டு வந்திருக்கேன், மாமா என்றான். அரபிதான், ஆனால் நம் தெரு அரபி, நீ இழுத்துப் பேசுகிற அதே இழுப்பு.

உன் வாப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவன் படுக்கப் போன பிறகு என்னிடம் வந்து, பத்ரிய்யா, நான் அவன் ஜன்னலைத்தான் கேக்கப்போறான்னு நெனச்சேன், வீட்டுக்குள்ள இருந்த வெளக்கையே கேட்டுட்டான், வாக்குக் குடுத்தாச்சே, என்ன பண்ண என்றார். நன்றாயிருக்கிறதடி உன் சாமர்த்தியம். கேட்காமலே வாக்குக் கொடுக்கிற மனுஷன் என்று தெரிந்துதான் அவருக்குக் கண்ணி வைத்திருக்கிறாய். பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. தொழுகிறான், குரல் உயர்த்துவதில்லை, என் முழங்காலுக்குத் தைலம் இருக்கிறதா என்று கேட்டான், அதுவும் நீ சொல்லி அனுப்பியதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. கோபம் அவன் மேல் இல்லை. இரண்டு ரமலான் போய்விட்டது, இந்தப் பெருநாளைக்கு வருகிறேன், அடுத்த பெருநாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய், கடைசியில் உனக்குப் பதிலாக ஒருத்தனை அனுப்பி வைத்தாய். என்னிடம் சொல்லப் பயமா? நான் உன்னைப் பெற்றவள்தானே, கடித்தா தின்றுவிடுவேன்? அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாய், நான் உன்னை இனி செல்போன் கண்ணாடிக்குள்தான் பார்ப்பேன் என்று நேற்று ராத்திரி முழுக்க அழுதேன். உன் வாப்பாவுக்குத் தெரியாது, தெரியப்படுத்தாதே.

இன்று ராத்திரிதான் விமானம், ஆனாலும் காலையிலேயே அவன் என்னிடம் விடைபெற வந்தான். வயசில் சின்னவன் என்பதால் தானே எழுந்து எனக்குக் கஹ்வா ஊற்றிக் கொடுத்தான். வாங்கினேன். குடிக்காமல் தாம்பாளத்தில் வைத்தேன். அவன் முகம் வெளிறிப் போனதைப் பார்க்க வேண்டுமே, நீ நன்றாகத்தான் பாடம் நடத்தியிருக்கிறாய். என்ன வேணும் மாமி, சொல்லுங்க, கெடச்சாச்சு என்று அவசர அவசரமாகச் சொன்னான். நீ குடுக்கக்கூடிய பொருள் இல்லப்பா அது, குடுக்கவேண்டியவளுக்கு எழுதி ஒன் கையிலேயே தந்தனுப்புறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். உன் வாப்பா கொடுத்த வாக்கு உன் வாப்பாவுடையது, நான் அதை உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. நீ வர வேண்டும். என் முன்னால் உட்கார்ந்து, இவனைத்தான் உம்மா எனக்குப் பிடித்திருக்கிறது என்று உன் வாயால், என் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

பையில் ஏலக்காய், வறுத்த கஹ்வாக் கொட்டை, உனக்குப் பிடித்த துக்கா பொடி வைத்திருக்கிறேன். பொடிப் பாட்டிலை முழுக்க நிரப்பித்தான் கொடுத்தேன், குறைந்திருந்தால் யார் தின்றது என்று கேட்டுக்கொள். காதை மூடிக் குல்லா போட்டுக்கொள், நின்றே வேலை பார்க்காதே. அல்லாஹ் உன்னை எந்தத் தீங்கும் தொடாமல் காப்பானாக, உன் வழியை லேசாக்குவானாக, நீ தேர்ந்தெடுத்தது நல்லதாகவே இருக்கட்டும், ஆமீன். உறை மேல் போட்ட கோட்டைப் பார்க்க மறக்காதே.

என் கோப்பை இன்னும் அதே தாம்பாளத்தில்தான் இருக்கிறது. ஈ விழாமல் மேலே ஒரு தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், உன் வாப்பாவைக் கழுவ விடவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
உம்மா
பத்ரிய்யா