மாலை போட்ட படம்

அன்புள்ள அம்மாவுக்கு, தேன்மொழி எழுதுறேன். ஒன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? சென்னையில நான் நல்லா இருக்கேன், கொஞ்சம் அசதிதான். போன்ல பேசினா என் குரலை வச்சே கண்டுபிடிச்சிருவே, அதான் எழுதுறேன்.

அடுத்த வியாழக்கிழமை என் சீரியலைப் பார்க்காதே. கதையில நான் விபத்துல செத்துட்டேன். சுவத்துல மாலை போட்டு என் படம் தொங்கும். பார்த்தா ஒனக்கு நெஞ்சு பதறும், நான் வந்ததும் உப்பு மிளகாய் சுத்துவே. வேலை போச்சுன்னு கவலைப்படாதே. சினிமாவுல ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் எழுதுற நாடகமும் பாதியில நிக்குது, அதை முடிக்கலாம்.

அந்த மாலை போடுறதுக்கு நான் சேலை கட்டின படம் வேணும்னு சீரியல்காரங்க கேட்டாங்க. விராலிமலையில நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததுதான் என்கிட்ட இருந்துச்சு. அதுல என்னை மட்டும் வச்சுக்கிட்டு ஒன்னை வெட்டி எடுத்துட்டாங்க. வீட்டுல இருக்குற இன்னொரு பிரதியை இலுப்பூர் கொரியர்ல அனுப்பு. ரூம் சுவரு வெறிச்சுன்னு இருக்கு.

கடைசி டப்பிங்குக்குக் கூப்பிடுறாங்க, போறேன். எப்படியும் நீ டிவியைப் போடத்தான் போறே. போட்டா மாலையைப் பார்க்காதே, என் தோளைப் பாரு. ஒன் கையை மட்டும் அவங்களால வெட்ட முடியல.

ஒன் மகள்,
தேன்மொழி