அந்தச் சிவப்பு அட்டை சரிதான், நைனா

என் நைனாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. உனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீ கொஞ்ச காலம் போன பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் சொல்லிக்கொடுத்தார்கள். அது போக, சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டிருப்பவர்களை உனக்குப் பிடிக்காது. 'மூஞ்ச பாத்து சொல்லேம்மா' என்பாய். இப்போது எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது?

நீ போய் இரண்டு மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. உன் லோடு ஆட்டோவை மாமாதான் ஓட்டுகிறார். இந்த வருடமும் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வண்டிகள் ரோட்டோரமாக நீள வரிசை கட்டி நின்றன. ஆனால் வரிசையில் இப்போது யாரும் ரக்பி பேசுவதில்லையாம். மாமா சொன்னார். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதை வேறு சிலரும் படிப்பார்கள் என்பதால் அந்தக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நடுவில் குறுக்கே பேசுவாய், தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அப்போது நான் இன்டர் இரண்டாம் வருடம், தமிழ்நாட்டுக் கணக்கில் ப்ளஸ் டூ. எங்கள் பி.டி. சார் கபடி ஆடும் பெண்களை அப்படியே கூட்டி ரக்பி டீம் ஆக்கியிருந்தார். எங்களில் யாரும் ரக்பியை டிவியில்கூடப் பார்த்ததில்லை. திருப்பதி மைதானத்தில் மாவட்டப் போட்டி. காளஹஸ்தி டீமில் ஹேமா என்றொரு பெண் பந்தை இடுக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். நான் குனிந்து, இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டி, தூக்கிப் போட்டேன். கபடியில் அதற்குத்தான் கைதட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து நான் நன்றாகச் செய்கிற ஒரே காரியம் அது. ரக்பியில் தூக்கிய ஆளை இடுப்புக்கு மேலே சாய்த்துத் தலைகீழாகப் போட்டால் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டும்.

நீ சரக்கு இறக்கிவிட்டு வழியில் வந்திருந்தாய். ஆட்டோவின் பின்பக்கத்தில் ஏறி நின்று பார்த்தாய். நான் தூக்கியபோது அந்த மைதானத்தில் கைதட்டியது நீ ஒருவன்தான். நடுவர் என் முன்னால் வந்து அட்டையை உயர்த்தியதும், பக்கத்தில் நின்றவரிடம், "எங்க பாப்பாவுக்கு ஏதோ சீட்டு குடுக்கறாரு. செலக்சன் ஆயிடுச்சா?" என்று கேட்டாயாம். அவர் விளக்கிச் சொன்ன பிறகு உனக்கு வந்த கோபம், அதன் பின் தணியவே இல்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அட்டையால் நான் மாநில அணித் தேர்வுக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் மார்க்கை வைத்து டிகிரியில் சேர்ந்தேன், நம் வீட்டின் முதல் பட்டதாரி ஆனேன், திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டாய். ஒவ்வொரு சந்தோஷத்தின் கடைசியிலும், "ஆனா அது ரெட் கார்டு இல்ல" என்பாய்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு சீசனில் சர்டிபிகேட் வேலையாக நானும் உன்னோடு சித்தூர் வந்தேன். ஃபேக்டரி வரிசையில் உனக்கு முன்னால் ஏர்பேடு ரெட்டெப்பாவின் டிராக்டர். அவருக்கு வீட்டில் தெலுங்கு, உன்னோடு சண்டை போட மட்டும் தமிழ்.

"காதன்னா, அது இல்ல. தல மொதல்ல கீழ வந்துச்சா இல்லியா, அத சொல்லு."

"தோளு வந்துச்சுடா. நீ பாத்தியா? நான் பாத்தேன்."

"நீ ஆட்டோ மேல நின்னுக்கினு பாத்த. ரெஃப்ரி பக்கத்துல நின்னு பாத்தாரு."

"அவரு கைல கீற விசில பாத்துக்கினு இருந்தாரு. வா இப்டி, எப்டி வெச்சான்னு காட்றேன்."

சொன்னதோடு நிற்காமல் அவர் தொடையைக் கட்டித் தூக்கினாய். அவருடைய ஒரு செருப்பு மாங்காய்க் குவியலில் போய் விழுந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. "இன்னாடா இவ்ளோ வெயிட்டு கீற. அந்தப் பொண்ணு பூ மாரிடா," என்று மூச்சு வாங்கியபடி அவரை இறக்கினாய். அப்புறம் என் பக்கம் திரும்பினாய்.

"நீயே சொல்லும்மா. மெதுவா வெச்சியா இல்லியா?"

"இல்ல நைனா. தலதான் மொதல்ல பட்டுச்சு."

ரெட்டெப்பா டிராக்டர் டயரில் தட்டிச் சிரித்தார். "பாப்பாவே தீர்ப்பு சொல்லிடுச்சே அன்னா."

"அதுக்கு இன்னா தெரியும்? அது தூக்கிக்கினு இருந்துச்சு. தூக்கறவங்களுக்கு பாரந்தாண்டா தெரியும்," என்றாய்.

நான் யாரோடும் அதிகம் பேசாதவள். சொந்தக்காரர்கள் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். உன்னோடும் என்ன பேசியிருக்கிறேன்? துன்னியா, துன்னேன். பஸ் வந்துச்சா, வந்துச்சு. அந்தச் சிவப்பு அட்டை ஒன்றில் மட்டும்தான் நாம் மணிக்கணக்காகப் பேசினோம். நான் சரி என்பேன், நீ தப்பு என்பாய். தட்டை எடுத்துவைத்துக்கூடக் காட்டியிருக்கிறாய், இது இடுப்பு, இது தலை என்று. உன்னை ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பேச்சு முடிந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

பட்டம் வாங்கப் போன காலையில் உன் ஆட்டோவில்தான் போனோம். புத்தூர் தாண்டியதும் கேட்டாய், "அப்போ நீ ரெஃப்ரியா இருந்தா உனக்கே குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன் நைனா."

ரேணிகுண்டா வரைக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினாய். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "குடுப்ப. நீ குடுப்ப," என்றாய். அது கோபமா, பெருமையா? அந்தக் குரலை எத்தனையோ முறை நினைவுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

இப்போது செய்தி சொல்கிறேன். நான் ரெஃப்ரி ஆகிவிட்டேன். சிரிக்காதே. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதுகிறேன். என்னைப் போன்றவர்களுக்கு விசில் நல்ல ஏற்பாடு. வாயைத் திறக்காமலே பேசிவிடலாம்.

போன ஞாயிறு அதே திருப்பதி மைதானத்தில் பள்ளிப் பெண்களின் ஆட்டம். பிச்சாட்டூர் டீமில் கோகிலா என்று ஒரு பெண். அவளும் கபடியிலிருந்து வந்தவள்தான். கால் வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது பாதியில், எதிரே வந்தவளைத் தொடையைக் கட்டித் தூக்கினாள். போடாதே, போடாதே என்று மனசுக்குள் சொன்னேன். போட்டுவிட்டாள். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். விழுந்தவளின் கழுத்து மடங்கியதைப் பார்த்தேன்.

சிவப்பைக் காட்டினேன்.

விழுந்தவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். அடி இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. அடியே இல்லாதபோது எதற்குச் சிவப்பு என்று ஒரு பக்கம். எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்த செல்போன் வீடியோவில் தோள்தான் முதலில் படுவதுபோலத் தெரிகிறது என்று இன்னொரு பக்கம். தோள் என்றால் மஞ்சள் அட்டை போதும், அந்தப் பெண் மாநிலத் தேர்வுக்குப் போகலாம். சிவப்பு நின்றால் போக முடியாது. இதை முடிவு செய்ய சனிக்கிழமை சித்தூரில் ரக்பி சங்கத்தின் கமிட்டி உட்காருகிறது. நான் நேரில் வந்து சொல்ல வேண்டும். 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்றிவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்து கோகிலாவின் அப்பா என்னிடம் வந்தார். பால் வண்டி ஓட்டுகிறவர். திட்டுவார் என்று நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், நீங்களும் நம்ம பக்கத்துப் பொண்ணுன்னு சொன்னாங்க. கபடி ஆடினவங்களாமே."

"ஆமாங்க."

"அப்போ உங்களுக்குத் தெரியுமே. அது கெட்ட எண்ணத்துல செய்யல. கை பழகிப்போச்சு, அவ்ளோதான்."

"தெரியுங்க," என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. பிறகு மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் திட்டியிருக்கலாம் நைனா.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாவு பிசைந்துகொண்டே, "உன் கதி அந்தப் பொண்ணுக்கும் வரணுமாடி?" என்றாள்.

"தல பட்டுச்சும்மா."

"பட்டா இன்னா, அதுதான் எழுந்து நடந்துச்சே. உங்க நைனா இருந்திருந்தா உன்ன இந்நேரம் உண்டு இல்லன்னு பண்ணிருப்பாரு."

இருந்திருந்தால். அந்த ஒரு வார்த்தையில் அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் தட்டை எடுத்துவைத்து, இது தோள், இது தலை என்று ஆரம்பித்திருப்பாய். நான் மறுத்திருப்பேன். நீ இல்லாமல் நானே உனக்காகவும் வாதாடிப் பார்க்கிறேன். வேலையில், ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் எதிரே நிற்கும்போதுகூட. 'மெதுவாத்தான வெச்சா' என்று நீ சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன்னைப்போல் சொல்ல வரவில்லை. நீ அதை நம்பிச் சொன்னாய். நான் கழுத்தைப் பார்த்துவிட்டேன்.

ஹேமாவின் அப்பா அன்றைக்கு மைதானத்தில் இருந்தாரா நைனா? இத்தனை வருடம் பேசினோமே, நாம் இருவருமே அதை ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சித்தூர் போகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: தலையைக் குனியமாட்டேன், முணுமுணுக்கமாட்டேன், நான் பார்த்தது சிவப்புதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். சொல்லிவிட்டு, இந்தக் குழந்தைகளைக் கபடியிலிருந்து கூட்டி வந்தவர்கள், தூக்கிய ஆளை எப்படி இறக்குவது என்று முதலில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்வேன். அடுத்த வருடம் கோகிலாவுக்கு இன்னொரு தேர்வு உண்டு. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிச்சாட்டூர் போய் அவளுக்கு அதை நானே சொல்லித்தருவேன். அவள் அப்பா அனுப்பினால்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. முதல் வரியிலேயே கேட்க நினைத்தேன், கூச்சமாக இருந்தது. நீ எப்போதும் எனக்காகத்தான் பேசினாய், எனக்கு எதிராக. நாளை மறுநாள் அந்த அறையில் எனக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். இந்த ஒரு தடவை மட்டும் ரெஃப்ரி பக்கம் நில்லு, நைனா.

உன் மூத்த மகள்,
பாப்பா