கப்பல்ல கஞ்சி குடிச்சவங்க

அன்புள்ள பாப்பா ஷாரோனுக்கு,

அம்மா மார்த்தாள் எழுதறது. கர்த்தர் கிருபையில இங்க நானும் உங்க நைனாவும் நல்லா கீறோம், நைனாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டு விட்டு வருது, நீ அந்த ஐஸ் தேசத்துல ஒடம்பு கெடாம கீணும்னு தினம் ஜெபம் பண்ணிக்கினு கீறேன். போன்ல பேசினா கப்பல் சிக்னல் பாதியில அறுந்து போவுது, இது பாதியில அறுந்து போவக்கூடாத சமாச்சாரம், அதான் உன் கப்பல் கிச்சன்ல வேலை செய்யற நம்ம ஊர் மோகன்குமார் லீவு முடிஞ்சி கிளம்பறப்போ அவர் கையில குடுத்து அனுப்பறேன்.

ரைஸ்மில் சின்னராசுவும் அவர் சம்சாரம் ஆதிலட்சுமியும் உன் கப்பல்ல சுத்திட்டு ஊர் வந்து சேர்ந்தாங்க. அறுபதாம் கல்யாணத்துக்கு அமெரிக்காவுல கீற மவன் அரவிந்தன் வாங்கிக் குடுத்த டிக்கெட்டாம். வந்ததும் வூட்டு வாசல்ல ஷாமியானா போட்டு, திரை கட்டி, சொந்தக்காரங்க மில்லு ஆளுங்க எல்லாரையும் கூப்ட்டு பிரியாணி போட்டு வீடியோ காட்டினாங்க. என்னையும் கூப்ட்டாங்க, பாத்திரம் தேய்க்க. ஓரமா நின்னு நானும் பார்த்தேன். இன்னாடி கூத்து அது, சுத்தியும் ஐஸு, நடுவுல சுடுதண்ணித் தொட்டியில சின்னராசு கையில கிளாஸோட தொப்பையும் தானுமா உக்காந்துகினு கீறாரு. தலகாணிக்குக் கூட மெனு கார்டாம், மெத்து தலகாணி வேணுமா கெட்டி தலகாணி வேணுமான்னு கேப்பாங்களாம். நம்ம ஏரி மீனுல சினை இருந்தா கவிச்சின்னு மூஞ்சைச் சுளிக்கிற பொம்பளை, அங்க கறுப்பு மீன் முட்டையை நுனிக் கரண்டியால எடுத்து நாக்குல வெச்சிக்கினு கண்ணை மூடறாங்க. இது கூட்டம் ஏத்தற கப்பல் இல்ல, பொறுக்கி எடுத்த ஆளுங்களுக்கு மட்டும்தான் எடம்னு மைக் பிடிச்சி சொன்னாரு. அதுல அந்த பொறுக்கிங்கற வார்த்தை மட்டும் சரிதான்னு நெனச்சிக்கினே அண்டாவைத் தேய்ச்சேன்.

அலை தூக்கிப் போட்டதுல அந்தம்மா எழுந்திரிக்கவே முடியாம வாந்தி எடுத்துக்கினு கெடந்ததும், புருஷன் நாத்தம் தாங்கலன்னு மேல் தளத்துக்கு ஓடிப்போனதும், அவங்க ரூமைப் பார்த்துக்கற நீ தான் துணி மாத்தி, தலையைப் பிடிச்சி, ஸ்டாஃப் கிச்சன்ல கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்து வாயில ஊத்தினேன்னு போன்ல சொன்னியே, அதெல்லாம் வீடியோவுல வரும்னு பைத்தியக்காரி நான் பார்த்துக்கினே இருந்தேன். ஒண்ணும் வரல. இத்தினி வருசமா அந்த வூட்டுல வேலை செய்யறேன், பின்கதவு தாண்டி ஒரு நாள் உள்ள விட்டதில்ல, எனக்குன்னு காப்பி டம்ளர் தனியா கொல்லைச் சுவத்து மேல கவுந்து கெடக்கும். தண்ணி மேல போனா மட்டும் தீட்டு கெடையாதா?

அதோட முடிஞ்சிருந்தா பேஜார் இல்ல. சாலவாக்கம் முனிரத்தினம், உனக்குப் பேசி வெச்ச கலைச்செல்வனோட அப்பா, அந்த மில்லுல மேஸ்திரி இல்லையா, அவரும் வந்திருந்தாரு. என் மருமவளாப் போற பொண்ணை அங்க பார்த்தீங்களாமே, எப்படிங்கன்னு கேட்டாரு. சின்னராசு சிரிச்சிக்கினே, கப்பல் பொண்ணுங்க வேற இன்னாய்யா, எந்த ரூம்ல பெல் அடிச்சாலும் போவணும், மத்ததை நீயே நெனச்சிக்கோன்னாரு. கூட்டமே சிரிச்சிது. மறுநாளே முனிரத்தினம் இந்த சம்பந்தம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாரு.

நைனா சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டாரு. நான் படுக்கல. நேரா மில்லுக்குப் போனேன். நெல்லு எடை போட்டுக்கினு கீறாங்க, ஆளுங்க நெறைய, கோயிலுக்குக் கிளம்பி அந்தம்மா கார் பக்கத்துல நிக்கறாங்க. எல்லாரும் கேக்கற மாதிரியே அந்தம்மாவைக் கேட்டேன், உங்க ரூம்ல பெல் அடிச்சப்போ என் பொண்ணு வந்து இன்னா செஞ்சான்னு நீங்களே சொல்லுங்க, உங்க வாந்தியை அள்ளினது யாரு, யார் கையால கஞ்சி குடிச்சீங்கன்னு. சின்னராசு பதறிப்போயி, தமாஷுக்கு சொன்னேன் மார்த்தாள், அதைப்போய் பெரிசு பண்றியேன்னாரு. உங்க சம்சாரத்தை வெச்சி இந்த மாதிரி நான் ஒரு தமாஷு பண்ணட்டுமான்னேன். தராசுப் பக்கம் திரும்பிக்கினாரு. அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, ஏதோ சொல்ல வாயும் திறந்தாங்க, அப்புறம் கார்ல ஏறி கண்ணாடியை ஏத்திக்கினாங்க. அவ்ளோதான் அவங்க பெரிய மனுசத்தனம். சாயங்காலம் அவங்க வூட்டுல சமைக்கிற அம்முலு கையில பட்டுப்பொடவை அனுப்பினாங்க, அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். இனிமே அந்த வூட்டுக்கு வேலைக்குப் போறதில்ல, நூறு நாள் வேலை கீது, நடவு கீது, நீ கவலைப்படாதே.

ஞாயித்துக்கெழமை கலைச்செல்வன் பைக்ல தனியா வந்தான். அப்பா கேட்டது எனக்குத் தெரியாது அத்தை, ஷாரோன் வர்ற வரைக்கும் காத்திருக்கேன்னான். பொண்ணு எப்படின்னு மில்லுக்காரனைக் கேட்டுத் தெரிஞ்சிக்கிற வூட்டுல என் பொண்ணு எப்படிப்பா வாழுவான்னு கேட்டேன். தலை குனிஞ்சான், ஆனா எழுந்து போவல, அப்பாவைக் கூட்டியாந்து மன்னிப்பு கேக்க வெக்கிறேன்னான். எதுவா இருந்தாலும் அவ கிட்ட பேசு, முடிவு அவளுதுன்னு அனுப்பிட்டேன். உனக்குப் புடிச்சா பேசு, புடிக்கலன்னா விட்டுடு, நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம்.

மோகன்குமார் கிட்ட பருப்புப் பொடியும் தேங்காயெண்ணெயும் குடுத்து கீறேன், கை வெடிப்புக்கு தினம் தடவு, கிளவுஸ் போடாம ரூம் கழுவற மருந்துத் தண்ணியில கை வெக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இன்னொண்ணு பாப்பா, அந்தம்மாவை அங்க நீ அம்மா அம்மான்னு கூப்ட்டதா சொன்னே. நாளைக்கு இவங்களே திரும்பி வந்து படுத்துக் கெடந்தாலும் தலையைப் பிடி, கஞ்சி குடு, அது உன் கொணம், மாத்திக்காதே. ஆனா மேடம்னு கூப்பிடு.

இப்படிக்கு
உன்னைப் பெத்த அம்மா
மார்த்தாள்