பலகை அடிக்காத ஜன்னல்

பல்லாரட், ஆஸ்திரேலியா
ஆகஸ்ட் 1984

அன்புள்ள உங்களுக்கு,

நகரத்துக்குச் சற்று வெளியே, ஏரிக்கரையோரம் நம் மகள் குடியிருக்கும் இந்தப் பகுதி அவ்வளவு அழகு. அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட வந்தவர்கள் கட்டிய சின்னச் சின்ன மர வீடுகள். எதற்கும் உயர்ந்த மதில் இல்லை. ஏரியில் அன்னங்கள்கூடக் கருப்பு.

அவள் வீட்டில் வீதியைப் பார்த்தபடி ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல். வந்த அன்று பொழுது சாய்ந்ததும் அலுமாரியை அதன் முன் தள்ளப் போனேன்.

"என்னம்மா செய்றீங்க? இங்க பூனைகூடக் கேட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்று மகள் சிரித்தாள். நான் விடாமல் தள்ளுவதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அந்த ஜன்னலோரம்தான் என் இடம். வீதியில் போகிறவர்கள் முன்பின் தெரியாத எனக்கும் கையசைக்கிறார்கள். நானும் அசைக்கிறேன்.

"பிடித்திருந்தால் அங்கேயே இருந்துவிடு, பதுளைக்கு வராதே" என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் சொன்ன தேதியில் வருகிறேன். போன வருடம் ஜூலைக் கலவரத்தில் கடையை எரித்த பிறகும் ஊரைவிட்டு நகரமாட்டேன் என்கிற மனிதரைத் தனியாக விட எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கடை எரிந்த மறுநாள் நம் வீட்டு முன் ஜன்னலில் அடித்த பலகைகளை, நான் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். அங்கே உட்கார்ந்து நமுனுகுல மலையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

சீக்கிரமே வந்து சேரும்,
உங்கள் மனைவி